இறக்கையின் பதம்

கோழியின் உடலில் இறைச்சி மிகக் குறைவாகவும் தோலும் எலும்பும் மிகுதியாகவும் அமைந்த உறுப்பு இறக்கை. திண்டுக்கல் வட்டாரத்துப் பேச்சில் அதன் பெயர் ரெக்கை. ஒரு கோழி அடித்துக் குழம்பு வைக்கும் வீட்டில் துண்டுகள் தட்டுக்கு வரும் வரிசையைக் கவனித்தால், தொடை பிள்ளைக்கோ வந்த மருமகனுக்கோ போவதும், ஈரல் வீட்டின் கடைக்குட்டிக்கென்று முன்பே எடுத்துவைக்கப்படுவதும், நெஞ்சுக்கறி மற்றவர்களுக்குப் பிரிந்து செல்வதும், கழுத்தும் ரெக்கையும் சட்டியின் அடியில் தங்கிக் கடைசியாக உண்பவருக்கு, அதாவது பெரும்பாலும் சமைத்தவருக்கே, மிஞ்சுவதும் தெரியவரும். அந்த உறுப்பை மட்டும் தனியே வாங்கி, தோல் மொறுமொறுக்கப் பொரித்து, இனிப்பும் புளிப்பும் காரமும் கூடிய பாகில் புரட்டி எடுக்கும் உணவு இப்போது நகரத்து வீடுகளின் சமையலறைக்குள்ளும் வந்திருக்கிறது. அது அயலிலிருந்து வந்தது என்பது உண்மையே. எனினும் அதைச் செய்வதற்கு வேண்டிய இரண்டு அறிவுகளும், அதாவது தோலிலிருந்து ஈரத்தை வெளியேற்றும் அறிவும் பாகில் ஈரத்தை அளந்து நிறுத்தும் அறிவும், திண்டுக்கல் சமவெளியில் நெடுங்காலமாக இருந்துவருபவை. அவ்விரண்டுக்கும் தமிழ் வைத்திருக்கும் சொல் ஒன்றே: பதம்.

பதம் என்பது ஒரு பொருள் தான் ஆகவேண்டிய நிலையை அடைந்துவிட்ட கணத்தைக் குறிக்கும் சொல். சோறு பதமாக வேகிறது, மண் உழவுக்குப் பதமாகிறது, மாவு பதமாகப் புளிக்கிறது, கத்தி பதமாகத் தீட்டப்படுகிறது. இதன் இன்னொரு வடிவமான பதன் என்பதிலிருந்து பதனிடுதல் என்ற வினை வருகிறது; பச்சைத் தோலைத் தோற்பொருளாக மாற்றும் தொழிலுக்குத் தோல் பதனிடுதல் என்று பெயர். இவற்றில் பெரும்பாலான இடங்களில் அச்சொல் ஏதோ ஒரு வகையில் நீரின் அளவைப் பற்றியே பேசுவதைக் காணலாம். உழவுப் பதம் மண்ணிலுள்ள ஈரத்தின் அளவு. பாகுப் பதம் வெல்லத்தில் எஞ்சிய நீரின் அளவு. சோற்றுப் பதம் அரிசி குடித்த நீரின் அளவு. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துவிட, வடகிழக்குப் பருவமழையையும் கிணற்றையும் குளத்தையும் நம்பி வாழ்கிற திண்டுக்கல் சமவெளியில், நீரின் அளவை அறிவது பிழைப்பின் முதல் பாடமாக இருந்திருக்கிறது. சமையலறையும் அந்தப் பாடத்துக்கு விலக்கல்ல.

இறக்கை ஒரு தனி உணவாக எழுந்த வரலாறு மிக அண்மைக்காலத்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், ஆங்கர் பார் என்ற உணவகத்தில், தெரேசா பெல்லிசிமோ 1964இல் இறக்கைகளைப் பொரித்துக் காரச்சாற்றில் புரட்டிப் பரிமாறியதே இதன் தொடக்கம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதே நகரில் அதே காலத்தில், ஜான் யங் என்ற கறுப்பின உணவகத்தார் முழு இறக்கைகளை மாவில் தோய்த்துப் பொரித்துத் தம்முடைய தனிச் சாற்றில் புரட்டி விற்றுவந்தார். அவருடைய பங்கு பிற்காலத்தில்தான் உரிய கவனத்தைப் பெற்றது. அதுவரை அமெரிக்கச் சமையலறைகளிலும் இறக்கை பெரும்பாலும் வடிசாற்றுப் பானைக்குப் போன பொருள்தான். பின்னர் தென்கொரியாவில், இரண்டு முறை பொரித்து, மிளகாய் விழுதும் மாச்சத்துப் பாகும் கலந்த யங்நியோம் என்ற சாற்றில் புரட்டும் முறை வளர்ந்தது. தமிழ்நாட்டு ஓட்டல்களில் இதே உறுப்பு, இந்தியச் சீன உணவின் வழியாக, 'சிக்கன் லாலிபாப்' என்ற பெயரில் வந்து சேர்ந்தது. தோளை ஒட்டிய எலும்பின் மேல் இருக்கும் கறியை ஒரு முனைக்குத் தள்ளித் திரட்டி, எலும்பைப் பிடியாக விட்டுப் பொரிப்பதால் வந்த பெயர் அது. உலகின் வெவ்வேறு மூலைகளில் கடைசிப் பங்காகக் கிடந்த ஓர் உறுப்பு, ஏறத்தாழ ஒரே தலைமுறைக் காலத்தில் முதல் தட்டுக்கு உயர்ந்தது தற்செயலாக நிகழ்ந்ததன்று. அதற்குப் பின்னால் ஓர் எளிய கணக்கு இருக்கிறது.

ஒரு கோழிக்கு இறக்கை இரண்டே. ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு இறக்கைகள் வேண்டுமெனில் ஆறு கோழிகள் அறுபட்டிருக்க வேண்டும். வியாழக்கிழமைதோறும் கூடும் அய்யலூர்ச் சந்தையில் நாட்டுக்கோழியை உயிருடன் காலைக் கட்டித் தூக்கிவரும் குடும்பம், அந்த ஒரு கோழியைத் தலை முதல் கால்வரை ஒரே குழம்பாக ஆக்குமே தவிர, இறக்கையை மட்டும் தனி உணவாக்குவதை எண்ணிப் பார்த்திருக்க முடியாது. உறுப்பை உடலிலிருந்து பிரித்துக் கிலோ கணக்கில் விற்கும் வழக்கம் கறிக்கோழித் தொழிலோடு வந்தது. பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் வேரூன்றித் திண்டுக்கல் மாவட்டத்துக்கும் பரவிய அத்தொழிலில், நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் தருகிறது. விவசாயி கொட்டகையும் மின்சாரமும் தண்ணீரும் தன் உழைப்பும் தருகிறார். ஏறத்தாழ 6 வாரத்தில் கோழி எடைக்கு வந்ததும் நிறுவனம் அதைப் பிடித்துச் சென்று, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலியைக் கொடுக்கிறது. மழை பொய்த்த நிலத்தில் வேளாண்மைக்கு மாற்றாகப் பலர் கொட்டகை போட்டார்கள். அந்தக் கூலி போதவில்லை என்ற முறையீடும் அன்றுமுதல் தொடர்கிறது. தட்டில் அடுக்கிய பன்னிரண்டு இறக்கைகளைப் பார்ப்பவர், அவற்றுக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் கோடை வெப்பத்தில் தண்ணீர் தெளித்துக் கோழிகளைக் காக்கும் ஒருவரின் இரவும் இருக்கிறது என்பதை நினைவில் கொள்வது நல்லது. அந்த நினைவு இருந்தால், கிடைத்த உறுப்பை அலட்சியமாகச் சமைக்க மனம் வராது.

இறக்கை மூன்று பகுதிகளால் ஆனது. தோளை ஒட்டிய தடித்த பகுதியில் ஒற்றை எலும்பும் ஓரளவு கறியும் இருக்கும். நடுப்பகுதியில் இரண்டு மெல்லிய எலும்புகள் இணையாக ஓட, அவற்றுக்கிடையே மிருதுவான கறி தங்கியிருக்கும். நுனியில் தோலும் குருத்தெலும்பும் தவிர வேறில்லை. முட்டிகளில் கத்தியை வைத்து அழுத்தினால் எலும்பு வெட்டுப்படாமலே மூன்றும் பிரியும். நுனியை ரசத்துக்கோ சாற்றுக்கோ ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டையும் பொரிப்பதே வழக்கம். கறிக்கடையில் வாங்கும்போது தோல் உரிக்காமல் கேட்டு வாங்க வேண்டும், ஏனெனில் இந்த உணவின் பொருள் தோல்தான். கோழித் தோலில் இருப்பவை பெரும்பாலும் நீர், கொழுப்பு, கொலாஜன் என்ற புரதம் ஆகிய மூன்று. கொலாஜன் என்பது விலங்குடலின் தோலையும் தசைநாரையும் கட்டிவைக்கும் இழை. நீரோடு நெடுநேரம் சூடாகும்போது அது அவிழ்ந்து ஜெலட்டின் என்ற வழுவழுப்பான பொருளாக மாறும். ஆட்டுக்கால் சூப்பு விரல்களில் ஒட்டுவது இதனால்தான். இறக்கையில் கொலாஜன் மிகுதி. ஆகவே நெஞ்சுக்கறியை வறட்டிவிடும் வெப்பத்திலும் காலத்திலும் இறக்கையின் உட்கறி குழைவாக நிற்கிறது. கொழுப்பு உருகி வெளியேற, நீர் ஆவியாகிப் போக, எஞ்சிய புரதம் இறுகி நொறுங்கும் தகடாக மாறினால் அதுவே முறுகல்.

தோலின் இந்த இயல்பைத் திண்டுக்கல் நகரம் வேறொரு தொழிலின் வழியாக நன்கு அறிந்திருக்கிறது. நகரைச் சூழ்ந்த தோல் ஷாப்புகளில், அதாவது தோல் பதனிடும் கூடங்களில், பச்சைத் தோலுக்கு முதலில் செய்யப்படுவது உப்பிடுதல். உப்பு தோலின் நீரை வெளியே இழுத்து அழுகலைத் தடுக்கிறது. தென்னிந்தியாவின் பழைய முறையில் அடுத்ததாக ஆவாரம் பட்டையின் சாறு பயன்பட்டது. பட்டையிலுள்ள துவர்ப்பொருள் கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால், அத்தோல் பிறகு கொதிநீரிலும் எளிதில் ஜெலட்டினாகக் கரையாது. தோல் ஷாப் கொலாஜனை என்றைக்குமாக நிலைநிறுத்துகிறது, சமையலறை அதை அவிழ்த்துவிடுகிறது. இரண்டும் உப்பிலும் நீரிலும் தொடங்குகின்றன. அத்தொழிலின் உப்பும் வேதிக்கழிவும் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குள் இறங்கியதையும் மறக்கலாகாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு, வட ஆற்காடு முதலிய மாவட்டங்களோடு திண்டுக்கல் மாவட்டத்துத் தோல் தொழிற்கூடங்களையும் உள்ளடக்கி, மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. ஒரு தேக்கரண்டி உப்பு தோலுக்கு என்ன செய்யும் என்பதும், ஒரு லாரி உப்பு நிலத்துக்கு என்ன செய்யும் என்பதும் இங்குள்ளவர்களுக்குச் சேர்ந்தே தெரிந்த செய்திகள்.

இறக்கையை முறுக வைக்கும் வேலை அடுப்பில் தொடங்குவதில்லை, முந்தைய நாளிலேயே தொடங்கிவிடுகிறது. கழுவிய துண்டுகளைத் துணியால் ஒற்றி, கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி உப்பும் சிறிது மஞ்சளும் தடவி, கம்பித் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, மூடாமல் குளிர்பெட்டியில் இரவு முழுவதும் வைக்க வேண்டும். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும். அந்த நீரில் கரைந்த உப்பு பின்னர் மெல்ல உள்ளே இறங்கும். பெட்டியின் வறண்ட காற்று தோலின் மேற்பரப்பை உலர்த்தும். காலையில் தோல் காகிதம்போல் இறுகிச் சற்றே கண்ணாடித்தன்மை பெற்றிருந்தால் அது பதம். குளிர்பெட்டி புதியது, முறை பழையது. கிடா வெட்டி மிஞ்சிய கறியைக் கீற்றாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பிசறி, நூலில் கோத்து வெயிலில் பல நாள் உலர்த்தி வைக்கும் உப்புக்கண்டம் இந்த வறண்ட சமவெளியின் சேமிப்பு முறைகளில் ஒன்று. வேண்டும்போது இரண்டு கண்டத்தை எடுத்துத் தட்டி எண்ணெயில் பொரித்தால், பழைய சோற்றுக்கு அதைவிடத் துணை வேறில்லை. வெயிலும் காற்றும் கறிக்குச் செய்வதை அறிந்த ஒரு சமூகத்துக்கு, இறக்கையை ஓர் இரவு உலர்த்து என்று சொல்வது புதிய பாடம் ஆகாது.

திண்டுக்கல்லின் பெயரை உலகறியச் செய்த பிரியாணி இதற்கு நேரெதிரான நெறியில் நிற்கிறது. நாகசாமி நாயுடு 1957இல் ஆனந்த விலாஸ் என்ற பெயரில் தொடங்கி, அவர் கட்டிய தலைப்பாகையால் தலப்பாக்கட்டி என்று வழங்கலான கடையின் புகழுக்குச் சீரகச் சம்பா அரிசி ஒரு காரணமென்றால், தம் மற்றொரு காரணம். தம் என்பது பாத்திரத்தின் வாயை அடைத்து, மேலும் கீழும் கங்கு வைத்து, எழும் ஆவி வெளியேறாமல் மறுபடி அரிசிக்குள்ளேயே திரும்பச் செய்யும் முறை. ஈரத்தைக் காப்பதே அதன் கலை. பொரிப்பதோ ஈரத்தைத் துரத்துவது. காய்ந்த கடலையெண்ணெயில் இறக்கையை விட்டதும் எழும் சலசலப்பு எண்ணெயின் ஓசை அன்று. தோலிலிருந்த நீர் கொதித்து ஆவியாகிக் குமிழிகளாக வெளியேறும் ஓசை. நீர் குறையக் குறைய அந்த ஓசை அடங்கும். வெப்பமானி இல்லாத சமையலறைகளில் முறுக்கும் வடையும் அப்பளமும் பொரித்துப் பழகிய காது, சத்தம் அடங்கினால் எடு என்ற விதியைத் தலைமுறைகளாகக் கைமாற்றி வந்திருக்கிறது.

இறக்கைக்கு அந்த ஓசையை இரண்டு முறை கேட்க வேண்டும். முதல் முறை 150 முதல் 160 பாகை செல்சியஸ் வரையிலான மிதமான எண்ணெயில் எட்டு முதல் பத்து நிமிடம் வேகவிட்டு எடுத்தால், உட்கறி வெந்து கொழுப்பும் ஓரளவு உருகியிருக்கும். ஆயினும் தோல் இன்னும் துவளும். எடுத்துக் கால்மணி நேரம் ஆறவைக்கும்போது, உள்ளே எஞ்சிய ஈரம் மெல்ல மேற்பரப்பை நோக்கி நகர்கிறது. பிறகு 185 முதல் 190 பாகை வரை காய்ந்த எண்ணெயில் மூன்று நிமிடம் மீண்டும் விட்டால், அடங்கியிருந்த சலசலப்பு ஒருமுறை உயிர்பெற்று முற்றிலும் தணியும். அந்த இரண்டாம் அடங்கலே இறக்கையின் பதம். முன்னரே இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவும் ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடரும் பிசறி வைத்திருந்தால் பயன் கூடும். அரிசி மாவு மெல்லிய மேலோடாகி இறுகுகிறது. பேக்கிங் பவுடர் கரியமில வாயுவின் நுண்குமிழிகளால் தோலின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவதோடு, தோலின் காரத்தன்மையைச் சற்றே உயர்த்திச் சிவப்பதை விரைவாக்குகிறது. சிவத்தல் என்று சமையலறை சொல்வது, புரதத்தின் அமினோ அமிலங்களும் சில வகைச் சர்க்கரைகளும் வெப்பத்தில் இணைந்து நிறமும் மணமும் தரும் வினை. 1912இல் அதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் பெயரால் அது மையார் வினை எனப்படுகிறது. நீர் கொதிக்கும் வெப்பத்தில் அவ்வினை மிக மெதுவாகவே நடக்கும் என்பதால், ஈரம் போன பிறகே சிவப்பு வருகிறது.

இங்கே ஒரு முரண் எழுகிறது. இரவெல்லாம் உலர்த்தி, இரண்டு முறை பொரித்து, அரும்பாடுபட்டு வெளியேற்றிய ஈரத்தை, பாகு ஊற்றித் திரும்பவும் அழைத்துவருவது எவ்வாறு பொருந்தும்? இதற்கான விடை திண்டுக்கல், மதுரை, சாத்தூர் மிட்டாய்க் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் நெடுங்காலமாக இருக்கிறது. இனிப்புச் சேவு என்பது மாவைப் பிழிந்து பொரித்து, வெல்லப் பாகிலோ சீனிப் பாகிலோ கருப்பட்டிப் பாகிலோ புரட்டி உலர்த்திய பண்டம். பல நாளானாலும் அது நமுப்பதில்லை. காரணம் பாகின் பதம். நீர் எப்போதும் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குச் செல்லும். இளம்பாகில் நீர் மிகுதியாக இருப்பதால் அது சேவுக்குள் இறங்கி அதைத் துவளச் செய்யும். நன்கு காய்ந்த பாகிலோ கொடுப்பதற்கு நீரே இருக்காது, ஆறும்போது அது கண்ணாடிபோல் இறுகிச் சேவைக் காக்கும் உறையாகவும் ஆகிவிடும். மெருகு என்று சொல்லத்தக்க அந்தப் பளபளப்பும் அந்த இறுக்கத்திலிருந்தே வருகிறது.

இறக்கைக்கு வேண்டிய பாகு சேவுப் பாகைவிடச் சற்று இளையது. எலுமிச்சை அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து, தட்டிய பூண்டும் இஞ்சியும் மிளகாய் விழுதும் சேர்த்து, முதலில் அந்தக் கரைசலை மட்டும் பாதியாகச் சுண்டவிட்டு, அதன் பின்னரே நூறு கிராம் வெல்லத்தைத் தட்டிப் போடுவது நல்ல வரிசை; வெல்லம் முதலிலேயே விழுந்தால் நீர் சுண்டும் நேரத்துக்குள் அது அடிப்பிடித்துக் கசக்கும். இந்தப் பொருள்கள் எவற்றுக்கும் மாவட்ட எல்லையைத் தாண்டவேண்டியதில்லை. பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டி வெல்லத்துக்குப் பேர்போன ஊர். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு அதே மாவட்டத்து மலையில் விளைகிறது. புளியமரம் சாலையோரமெங்கும் நிற்கிறது. பாகு காயக் காய அதன் கொதிநிலை ஏறிக்கொண்டே போகும். இரு விரல்களுக்கிடையே நூலிழுக்கும் கம்பிப் பதத்தில் அது ஏறத்தாழ 110 பாகையில் நிற்கும். தண்ணீரில் விட்ட துளி கையில் திரளும் உருட்டுப் பதத்துக்கு 115 பாகையளவு வரவேண்டும், அப்போது பாகில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான நீரே மிஞ்சும். இவ்விரண்டுக்கும் இடையில் அடுப்பை அணைப்பது இறக்கைக்குப் பொருத்தம். புளியின் அமிலம் வெல்லத்திலுள்ள சர்க்கரையின் ஒரு பகுதியைப் பிளந்து, பாகு பூத்து மணல்மணலாகிவிடாமல் காக்கும். நாவில் நிற்கும் சுவைக்கும் கண்ணில் நிற்கும் மெருகுக்கும் அந்த ஒரே புளி காரணமாகிறது.

ஆயினும் இனிப்புச் சேவுக்கும் இறக்கைக்கும் அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. சேவின் உள்ளேயும் ஈரமில்லை. இறக்கையின் உள்ளே குழைந்த கறி இருக்கிறது, அதன் ஈரம் ஆவியாக மேலோட்டை நோக்கி வந்துகொண்டே இருக்கும். வெளியே பாகின் வெல்லமும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஐப்பசி மழையில் அது இன்னும் விரையும். ஆகவே, எவ்வளவு தேர்ந்த கையாலும் இந்த முறுகலைச் சிறிது நேரத்துக்கு மேல் நிறுத்தமுடியாது. இரண்டாம் பொரிப்பு முடிந்ததும், சூடான பாகில் சூடான இறக்கைகளைப் போட்டு இரண்டு மூன்று முறை குலுக்கி எடுத்து, உடனே உண்ணவேண்டும். கறிக்குழம்பு மறுநாள் இன்னும் சுவைக்கும். உப்புக்கண்டம் மாதக்கணக்கில் காத்திருக்கும். இறக்கை கால்மணி நேரம்கூடப் பொறுக்காது.

இந்தப் பொறுக்காமையில்தான் இவ்வுணவு வீட்டின் பழைய பந்தி ஒழுங்கோடு மோதுகிறது. திண்டுக்கல் நகரை ஒட்டிய முத்தழகுபட்டியில் ஆகஸ்ட் மாதம் நடைபெறும் புனித செபஸ்தியார் திருவிழாவில், நேர்ச்சையாக வந்த ஆடுகளும் கோழிகளும் பெருந்தொகையாக ஒன்றாகச் சமைக்கப்பட்டு, சாதி சமயம் பாராமல் வந்தவர் அனைவருக்கும் பரிமாறப்படுகின்றன. அங்கே எவருக்கு எந்தத் துண்டு என்பதை அகப்பை தீர்மானிக்கிறது. தொடை மருமகனுக்கென்று காத்திருப்பதில்லை. வீட்டுக்குள் அந்தச் சமநிலை எளிதில் வருவதில்லை. சமைத்தவர் எல்லோருக்கும் பரிமாறி, எல்லோரும் எழுந்த பிறகு, ஆறிய சட்டியின் முன் அமர்வதைக் குழம்பும் பிரியாணியும் பொறுத்துக்கொண்டன. அவை காத்திருக்கக் கூடியவை என்பதால் அவரும் காத்திருக்க வைக்கப்பட்டார். இறக்கைகளைக் கடைசியில் உண்பவருக்கு எஞ்சுவது நமுத்த தோலும் ஒழுகிய பாகுமே. முந்தைய இரவு உப்புத் தடவி, இரண்டு முறை எண்ணெயின் ஓசைக்குக் காதுகொடுத்து, பாகின் இழையை விரலில் பார்த்து நிறுத்தியவருக்குத் தம் உழைப்பின் பதம் எத்தகையது என்பதே தெரியாமல் போகும்.

எனவே இந்த உணவைச் செம்மையாகச் செய்ய விரும்பும் வீடு அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் ஒருசேர உட்கார வேண்டியிருக்கிறது. தட்டில் இருப்பவை அனைத்தும் இறக்கை. தேர்ந்தெடுக்கத் தொடையில்லை, ஒதுக்கிவைக்க ஈரலில்லை. சட்டியின் அடியில் ஒருவருக்காகவே மிஞ்சிக் கிடந்த ரெக்கை எல்லோர் கையிலும் இருக்கும்போது, அதைச் சமைத்தவரும் அந்தக் கால்மணி நேரத்துக்குள் மற்றவர்களோடு அமர்ந்து, தோல் பல்லில் நொறுங்கும் ஓசையைத் தம் காதால் கேட்டுவிட்டால், முந்தைய இரவின் உப்பில் தொடங்கிய வேலை அப்போதுதான் முடிகிறது.